கலங்காத முத்திரை

கையெழுத்து அஞ்சலட்டை பரிமாறிக்கொள்ளும் நண்பர்கள் வட்டத்தில் பொன்னம்பலத்துக்குத் தபால் முத்திரைமேல்தான் கிறுக்கு. மை கசியாமல் முழு வட்டமாக விழுந்திருந்தால் அன்றே பதில் போட்டுவிட்டு, அட்டையை ஆல்பத்தில் செருகிவிடுவார். பின்பக்கத்தை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம். வட்டத்தில் ஒருத்தியான ஜெசிந்தாவின் அட்டையும் அப்படித்தான் உள்ளே போனது.

மறுவாரம் ஆல்பத்தைத் தூசி தட்டிய மனைவி அதை உருவிப் படித்தாள்.

"'பேச ஆளில்லண்ணா, பயமா இருக்கு, ஏதாவது எழுதுங்க'ன்னு எழுதியிருக்கா. நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"முத்திரை நல்லா விழுந்திருக்குன்னு."

அந்தப் பதில் அவருக்கே திரும்பி வந்தது. ஜெசிந்தாவின் பெயருக்குக் குறுக்கே 'பெறுநர் காலமானார்' என்று குத்தியிருந்தார்கள். பொன்னம்பலம் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். ஓர் எழுத்துகூடக் கலங்கவில்லை. அவருடைய இன்னொரு கை தானாக ஆல்பத்தை நோக்கிப் போனது.