தொட்டியில் அடக்கம்

அண்ணனூர் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கூரைச் சபையின் பின்புறம், சிமெண்டுத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. காலை வெயில் அதில் நெளிந்து சுவரில் ஆடுகிறது. ஆவடி பாக்டரியில் வெல்டராக இருக்கும் சிவராமன் இந்தச் சபையைச் சேர்ந்தவர் அல்ல. மனைவி ஷோபனாவின் ஞானஸ்நானத்துக்குத் துணையாக வந்து, கையில் துண்டும் அவள் கழற்றித் தந்த மூக்குக்கண்ணாடியுமாக நிற்கிறார். “கீழ வெச்சிடாதய்யா, மிதிச்சிடுவ” என்று சொல்லிவிட்டு அவள் தொட்டிக்குள் இறங்குகிறாள். “தண்ணியில இன்னா கலந்துகீறீங்க, பாஸ்டர்?” என்று கேட்கிறார் சிவராமன். உள்ளே நிற்கும் பாஸ்டர் சிரிக்கிறார். “ஒண்ணுமில்ல பிரதர், லாரித் தண்ணிதான். ரட்சிக்கிறது விசுவாசம், தண்ணியில்ல.” “அப்ப தலையில ரெண்டு சொம்பு ஊத்தினா போதாதா?” “பொணத்த அரைக்குழியிலயா பொதைப்பாங்க? பழைய ஷோபனா இதுல அடக்கம். ஏந்திரிச்சு வர்றது புது ஆளு.” ஷோபனா மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். பாஸ்டர் முதுகுக்குக் கை கொடுத்து அவளை மல்லாக்கச் சாய்க்கிறார். தண்ணீர் அவள் முகத்தின்மேல் மூடிக்கொள்கிறது. தொட்டியைச் சுற்றி நிற்கும் சபையாரின் பாட்டு நின்று, பணிமனையான கார் ஷெட்டுக்குப் போகும் மின்சார ரயிலின் ஹாரன் மட்டும் கேட்கிறது. தானும் மூச்சை அடக்கியிருப்பது சிவராமனுக்குத் தெரியவில்லை. அவள் எழுகிறாள். “அல்லேலூயா!” கைதட்டலுக்கு நடுவே, கண்ணாடியில்லாத கண்களைச் சுருக்கி அவரைத் தேடுகிறாள். சிவராமன் துண்டை அவள் பக்கம் நீட்டிக்கொண்டே, இருபத்திரண்டு வருடம் தன்னோடு சண்டை போட்டவள் உள்ளே கிடக்கிறாளா என்று தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்.