குடும்பகாரருக்கு மட்டும்

உடுவிலில் ஒரு மேல்மாடி வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்காரி கேதீஸ்வரி படலையிலேயே மறித்தார்.

"தம்பி, குடும்பகாரருக்குத்தான் குடுப்பம். தனி ஆம்பிளையளுக்குக் குடுக்கிறேல்லை."

"மனுசி வவுனியாவிலை ரீச்சர், அக்கா. இடமாற்றம் கிடைச்ச உடனை வந்திடுவா."

சாவி கிடைத்தது. அதன்பின் அவர் கேட்கும்போதெல்லாம் மனைவியின் அருமை பெருமைகளைச் சொன்னேன். அவருடைய தங்கை சுபாஜினி முற்றத்தில் நின்றால் மட்டும் மனைவியின் பேச்சையே எடுக்கமாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து கேதீஸ்வரி அக்கா தேநீரோடு மேலே வந்தார்.

"சுபாஜினிக்கு மாப்பிள்ளை பாக்கிறம், தம்பி. கட்டினால் உங்களைப் போலை ஒராளைத்தான் கட்டுவாளாம். உங்கடை மனுசிக்குக் கலியாணம் கட்டாத அண்ணன் தம்பி ஆரும் இருக்கினமோ?"

எனக்குத் தேநீர் புரையேறியது.

"விசாரிச்சுச் சொல்லுறன், அக்கா" என்றேன்.

கலியாணமே கட்டாத நான் உண்மையைச் சொன்னால் பெண்ணும் இல்லை, வீடும் இல்லை.