பத்துப் பேரும் பின்னாடி

சட்டம் சொன்ன கூலியைத் தந்தால்தான் அறுப்போம் என்று மிராசுதார் வயலைத் தொழிலாளர்கள் காவல் காத்த இருபதாம் நாள், அவர்களுடைய சங்கத்துக் கால்பந்து அணிக்குப் பந்தயம் வந்தது.

"அதிராம்பட்டினத்துக்காரங்க புகுந்து அடிப்பாங்க. பத்துப் பேரும் பின்னாடியே நில்லுங்க" என்றார் பயிற்சியாளர் கோவிந்தராசு. "கோல் வாங்காம நின்னாலே கோப்பை நமக்குன்னு, அதைக் குடுக்கிற மிராசுதாரே சொல்லிட்டாரு."

"தடுக்க ஆள் பத்தலையேண்ணே?" என்றான் ஆட்டக்காரன் ஒருவன்.

"வேம்புவையும் அரசப்பனையும் கூப்பிடு."

"அவங்கதானே வயல் காவலு?"

"ஒன்றரை மணி நேரந்தானேப்பா? மிராசுதாரும் இங்கதானே உக்காந்திருக்காரு!"

கோலே விழவில்லை. ஊரே துள்ளியது.

வயல் பக்கமிருந்து காத்தாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணே, நாலு லாரியில வெளியூர் ஆளுங்க வந்து மொத்தத்தையும் அறுத்துட்டாங்க!"

கோவிந்தராசு வயல் பக்கம் ஓடத் திரும்பினார்.

மிராசுதார் சொன்னபடி கோப்பையை அவர் கையில் திணித்தார். "ஒரு பந்தைக்கூட உள்ள விடலையே, கோவிந்தராசு!"