கம்பெனி டப்பா

நான்காவது டப்பாவிலும் பிளேடு கோட்டைத் தாண்டிவிட்டது.

இன்னாசி அதைத் தூக்கித் தரையில் அடித்தார். "பிளேடாடா இது? தகரத்தச் சீவி விக்கிறானுங்க, திருட்டுப் பசங்க."

மோட்டார் ரூம் வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்த கலைவாணன் சிரித்தான். ஏரியூரில் உரக்கடை வைத்திருப்பவன். டப்பாவை வாங்கிக்கொண்டு போகத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறான்.

"மொதல்ல டப்பா சரியில்லன்னீங்க. அப்பறம் ஸ்கேலு. இப்ப பிளேடு. அடுத்தது யாருங்க மாமா, நானா?"

"நீ எப்பவோ அந்தக் கூட்டத்துல சேந்தாச்சு. வாய மூடிக்கிட்டுக் குந்து."

டப்பாவோடு சேர்கிற சாமானெல்லாம் என்றைக்கோ தயார். ஓடாமல் கிடந்த மருந்து ஸ்பிரேயரிலிருந்து கழற்றிய பேட்டரி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் தட்டிவிடுகிற டைமர், வெளியே மாட்டுவதற்கு ஊரையே எழுப்புகிற சைரன் ஹாரன். காட்டுப்பன்றி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனாலும் ஒரே நாளில் ஒயரெல்லாம் இணைத்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டார்.

ஓட்டைதான் உயிரை வாங்கியது.

சார்ஜர் பின்னுக்கு வட்ட ஓட்டை. டிரில் மிஷினில் ஒரே அமுக்கு, தீர்ந்தது. ஹாரன் ஒயரை மாட்டுகிற சாக்கெட்டுக்கு நாலு மூலை ஓட்டை வேண்டும். முதல் டப்பாவில் சாக்கெட்டின் வெளி விளிம்பை வைத்துக் கோடு போட்டு வெட்டினார். சாக்கெட் நேராக உள்ளே விழுந்து மல்லாந்தது. இரண்டாவது டப்பா இடது மூலையில் விரிந்தது. மூன்றாவதைக் கத்தியைக் காய்ச்சி வெட்டினார்.

"எலி கடிச்சாப்பல இருக்குதுங்க மாமா."

அவருக்கென்றால் ஓட்டை எந்த அழகில் இருந்தால் என்ன? துணியைச் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இது அவருக்கில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கச்சி மிக்கேலம்மாளுக்கு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் நிலத்தில் பங்கு கேட்டுக் கேஸ் போட்டாள். கோர்ட்டு ஒன்றேகால் ஏக்கரை அறுத்துக் கொடுத்தது.

அன்றோடு பேச்சு நின்றது.

போன இரண்டு போகமும் அவள் கடலைக்காட்டைப் பன்றி உழுது போட்டுவிட்டது. இந்தத் தடவையும் போனால், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓசூருக்கு மகளோடு போய்விடுகிறேன் என்று கோயிலில் யாரிடமோ சொன்னாளாம்.

"வித்தான்னா எவனாவது அசலூர்க்காரன் வந்து குந்துவான். அவனோட பொதுக் கெணத்துல மல்லுக்கட்ட என்னால ஆவாது. அதுக்குத்தான்" என்று கலைவாணனிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. அவன் ஒரு தடவையும் ஏன் என்று கேட்கவில்லை.

கலைவாணன் கடைக்கு வந்த கம்பெனி சாம்பிள், சும்மா வைத்துப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. கம்பெனிப் பொருளில் ஓட்டை கோணலாக இருக்காது. அண்ணன் கை பட்டது என்று தெரிந்தால் டப்பா கிணற்றுக்குள் போய்விடும். அவளும் அவரைப் போலத்தான். ஓசியில் எவன் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

ஐந்தாவது டப்பா. இதுதான் கடைசி.

சாக்கெட்டின் பின்பக்கத்தை அளந்து கோடு போட்டார். கோட்டுக்கு உள்ளேயே சின்னச் சின்னதாக டிரில் போட்டு நடுத்துண்டைத் தட்டி எடுத்தார். பிளேடைத் தொடவில்லை, அரம்தான். இரண்டு இழுப்பு, சாக்கெட்டை வைத்துப் பார்ப்பது, எடுப்பது, மறுபடி இரண்டு இழுப்பு.

மூன்று பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. இடது பக்கம் அரம் கோட்டைத் தாண்டியது. எல்லா டப்பாவிலும் அதே இடது பக்கம்தான். ஒரு நெல் நுழைகிற இடுக்கு.

"சனியன் புடிச்ச அரம்."

"கருப்பு டேப் ஒட்டிடலாங்க."

"கம்பெனிக்காரன் டேப் ஒட்டுவானாடா?"

ஆனால் வேறு டப்பா இல்லை. சாமானை உள்ளே வைத்துச் சாக்கெட்டைத் திருகி முடுக்கினார். கையிலிருந்து டப்பாவை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கலைவாணன்தான் பிடுங்கி, ஹாரனையும் எடுத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்தான்.

இன்னாசி மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மிக்கேலம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு டப்பாவை வாங்கினாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பக்கவாட்டில் கையை ஓட்டினாள். கை ஓர் இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு கலைவாணனிடம் ஏதோ சொன்னாள்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தான்.

"வாங்கிக்கிச்சா?"

"வாங்கிக்கிச்சுங்க."

"நம்புச்சா?"

"கம்பெனிக்காரருக்கு ஒரு சேதி சொல்லச் சொல்லுச்சுங்க." கலைவாணன் வேறு பக்கம் பார்த்தான். "எடது கண்ணுல பொர முத்திப்போச்சாம். போன ஞாயித்துக்கெழம கோயில் படியில தடுமாறுனத பாத்துச்சாம். பெரியாஸ்பத்திரிக்குப் போய் எடுத்துக்கச் சொல்லுச்சு."

"அவளுக்கு என்னாடா தெரியும்" என்று வாயெடுத்தார் இன்னாசி.

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வரப்பைப் பார்த்தார். வரப்பு இல்லை. கடலைக்காடு இல்லை, தங்கச்சியும் இல்லை. பால் ஊற்றிய மாதிரி ஒரே வெள்ளை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து சைரன் அலறத் தொடங்கியது.