தீபாவளிக்கு ஒரே துணி

லண்டன், சிங்கப்பூர் இரண்டு ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் நிவேதிகாவுக்கு இடம் கிடைத்தது. எதையும் விட்டுவிட மனசில்லாமல் தனசேகர் மகளைப் பிரதியெடுத்து இரண்டுக்கும் அனுப்பிவைத்தார். படிப்பு முடிந்ததும் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவளை அழிக்கச் சொல்லிப் பிரதியெடுத்த கம்பெனியிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். இந்தத் தீபாவளியோடு கெடு முடிகிறது.

இரண்டு பேரும் கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சாமி படத்துக்கு முன்னால் நின்றார்கள். தாம்பாளத்தில் மஞ்சள் தடவிய புதுச் சுடிதார் ஒன்றுதான் இருந்தது.

"ஏனுங்க, நீங்களே சொல்லிருங்க," என்றாள் அம்மா சுகந்தி.

"பெத்தவ நீ. யாருக்குக் குடுத்தாலும் எனக்குச் சம்மதம்." தனசேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் கம்பெனி வண்டி காத்திருந்தது.

வெளிநாட்டில் இருந்ததில் ஒருத்தியாவது வேற்றாளாக மாறியிருப்பாள், அவளை அனுப்பிவிடலாம் என்றுதான் சுகந்தி இத்தனை நாளும் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். தாம்பாளத்தை இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினாள்.

"அவளுக்கே குடும்மா," என்றார்கள் இரண்டு பேரும்.