ஏழில் நின்ற ரேசர்

பலராமன் வீட்டுக்கு வந்த கோபி, முற்றத்தில் ஈரம் காயாத ரேசரைப் பார்த்துத் திடுக்கிட்டான். ஆசிரமத்து வெள்ளைக்காரர் தந்த, மழிக்கும் அளவுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் திருகி வைக்கும் பழைய ரேசர். தினசரி ஷேவுக்குப் பலராமன் இரண்டைத் தாண்டமாட்டான். ஏழு, அடர்ந்த தாடிக்கு மட்டும்.

இப்போது ஏழில் நின்றது.

“தாடிய எடுத்துட்டானாம்மா?”

பலராமன் மனைவி பாஞ்சாலை தலைகுனிந்தாள். “மில்லுக்கு வேலைக்குப் போய்ட்டாருண்ணா.”

“ஸ்ட்ரைக் ஜெயிக்கிற வரைக்கும் ஒருத்தனும் தாடி எடுக்கக் கூடாதுன்னு கோபுரத்துக்கு எதிர்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணோமே! கூட இருந்தே கழுத்தறுத்துட்டானே, துரோகி!”

கோபியின் தாடி துடித்தது.

“உக்காருங்கண்ணா, காபி போடறேன்.”

“நேரமில்லம்மா. அந்த ரேசரக் குடு. நம்பர மாத்தாத, ஏழுலயே இருக்கட்டும். ஷிஃப்ட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள நானும் மில்லுக்குப் போயாவணும்.”