குப்பம்மா கேட்ட செய்தி

ஈராக் குவைத்தைப் பிடித்ததிலிருந்து குப்பம்மா தினமும் காலையில் கஸ்தூரியின் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் மகன் ராமன் குவைத்தில் கொத்தனார். கஸ்தூரியின் கணவர் உலகநாதனோ பாக்தாத்திலிருந்து எழுதும் ஆங்கிலப் பத்திரிகை நிருபர். அவர் செய்தியோடு அவருடைய சின்னப் படமும் அச்சாகும்.

"ஐயா இன்னாம்மா எழுதிகீறாரு?"

கஸ்தூரி பத்திரிகையை விரித்தாள். "நம்ம ஆளுங்க பத்திரமா இருக்காங்களாம். ரொட்டி, தண்ணி கிடைக்குதாம்."

உண்மையில் பதினைந்து நாட்களாக அவரிடமிருந்து செய்தியே இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று அலுவலகத்துக்கும் தெரியவில்லை. பெற்ற மனம் தாங்காதே என்று கஸ்தூரி தானே கதை கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"யம்மோவ்! நான் ஊட்டுக்கு வந்து நாலு நாளாச்சு. இன்னும் இன்னா பேப்பரு கேட்டுகினு கீறே?"

ராமன் நின்றிருந்தான். கஸ்தூரி திகைத்துப்போனாள்.

"மகன் வந்துட்டானா? அப்புறம் ஏம்மா தினமும் வந்தீங்க?"

குப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. ஆனா பேப்பருல ஐயா போட்டோ வரலேன்னு தெரியும். நான் கேட்டாத்தானே, அவரு எழுதிகீறாருன்னு நீ சொல்லுவே? அந்த நேரமாச்சும் உன் மூஞ்சில தெம்பு வருது. நாளைக்கும் வரேன், படிச்சுக் காட்டு."